பென்ஷன்காரர் ஸ்டூ

“சவ்வு எதுக்கு சார்? வீட்ல நாய் கீய் வளக்கிறீங்களா?”

கறிக்கடை பாய் இப்படிக் கேட்டபோது எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பெரம்பூர்ப் பக்கம் கறிக்கடையில் நிற்பவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். மீதிப்பேர் என் மனைவிக்குத் தெரிந்தவர்கள். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து.

“நாய்க்கு இல்ல பாய். ஸ்டூ வைக்கப்போறேன். அதுக்குச் சவ்வுதான் உயிர். சவ்வுல கொலாஜன்னு ஒண்ணு இருக்கு. சின்னத் தீயில மூணு மணி நேரம் கிடந்தா கரைஞ்சு ஜெலட்டின் ஆயிடும். அப்பதான் குழம்பு உதட்டுல ஒட்டும். வெறும் சதையைப் போட்டா சக்கையாப் போயிடும்.”

இரண்டு மாதம் படித்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பாய் கத்தியைக் கட்டைமேல் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி, “பென்ஷன் இன்னும் ஏறலையா சார்? பரவால்ல, நல்ல கறியாவே எடுத்துக்குங்க. அடுத்த வாரம் குடுங்க” என்றார்.

பிடிவாதமாக முன்னங்கால் கறியில் சவ்வோடு ஒன்றரை கிலோ வாங்கினேன். பையைக் கட்டும்போது ஒரு நல்லி எலும்பையும் உள்ளே தள்ளினார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் கணக்கு எழுதியபோதுகூட எனக்கு யாரும் எலும்புத்துண்டு போட்டதில்லை.

இந்த ஸ்டூ ஆசை இன்றைக்கு நேற்றைக்கு வந்ததில்லை. சிறுவயதில் நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்த வரிசை முழுக்க ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். எஞ்சின் டிரைவர்கள், கார்டுகள். நம் வீட்டு ரசம் அங்கே ‘பெப்பர் வாட்டர்’ என்ற பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது. ஒரு மழை நாளில், பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்த என்னை ஓர் ஆன்ட்டி கூப்பிட்டு உட்காரவைத்து, கிண்ணத்தில் ஸ்டூவும் கையில் ரொட்டித் துண்டும் கொடுத்தார். மிளகும் கிராம்பும் மணக்க, ஸ்பூன் பட்டாலே நார் நாராகப் பிரிகிற கறி. எழுபதுகளில் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. அந்த வரிசையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனார்கள். ஸ்டூவும் கப்பலேறிவிட்டது. என் அம்மா ஒருமுறை முயன்று பார்த்தாள். தாளித்து, மல்லித்தூள் போட்டு, கடைசியில் புளியும் கரைத்து விட்டதால் அது குழம்பாகவே பிறந்தது.

பணி ஓய்வு பெற்றதும் இதை மீட்டுக் கொண்டுவருவது என் கடமை என்று தோன்றியது. மகள், மருமகன், பேரன், மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா எல்லோரையும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். நானே சமைப்பேன், யாரும் உதவக் கூடாது, குக்கரைத் தொடமாட்டேன் என்று கூடத்தில் நின்று அறிவித்தேன். பீஷ்மருக்குப் பிறகு இவ்வளவு யோசிக்காமல் ஒருவர் சபதம் செய்தது அன்றைக்குத்தான்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. “ஏங்க, வீட்ல சும்மா இருக்கிறதும் ஒரு வேலைதான். அதையாவது ஒழுங்காச் செய்யலாமில்ல?”

ஆன்ட்டியின் கைப்பக்குவம் தெரியாததால் பிரெஞ்சுக்காரர்களிடம் போனேன். அவர்கள் ஸ்டூவில் சிவப்பு ஒயின் ஊற்றுவார்கள். சனிக்கிழமை மாலை ஹெல்மெட்டைக் கழற்றாமலே மதுக்கடை வரிசையில் நின்றேன்.

“சமையலுக்கு ஒரு ரெட் ஒயின் வேணும் தம்பி.”

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்த இளைஞன் சற்று யோசித்தான். “சளிக்குன்னு கேட்டிருக்காங்க பெருசு. முழங்கால் வலிக்குன்னு கேட்டிருக்காங்க. சமையலுக்குன்னு இப்பதான் கேக்குறேன்.”

வரிசை சிரித்தது. முகம் தெரியாததால் தப்பித்தோம் என்று நினைத்தேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டி, “அண்ணே, ஹெல்மெட்டுக்குப் பின்னாடி உங்க பேரு எழுதியிருக்கு” என்றார். வேலையில் இருந்த காலத்தில் ஸ்டாண்டில் மாறிப்போகாமலிருக்க, நானே வெள்ளை பெயின்ட்டில், இனிஷியலோடு எழுதியது.

வீட்டில் வேறுவிதமான விசாரணை. கொதித்தால் சாராயம் ஆவியாகிவிடும்தானே என்றாள் மனைவி. பொய் சொல்ல வாய்ப்பிருந்தும் படித்ததைச் சொன்னேன். முழுசாகப் போகாது, கால் மணி நேரம் கொதித்தால் நாற்பது சதவீதம் தங்கும், இரண்டரை மணி நேரம் ஆனால் ஐந்து சதவீதம்தான் மிஞ்சும், அமெரிக்க விவசாயத் துறையே அட்டவணை போட்டிருக்கிறது.

“ஸ்டூவுக்கு எவ்வளவு ஊத்தணும்?”

“ஒரு கப். கால் லிட்டர்.”

“பாட்டில் எவ்வளவு?”

“முக்கால் லிட்டர்.”

“மீதி அரை லிட்டரை எத்தனை மணி நேரம் கொதிக்க வைக்கப்போறீங்க?”

அதற்கு அட்டவணையில் பதில் இல்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு வேலை ஆரம்பமாயிற்று. ஆரம்பமே தகராறு. நம் வீடுகளில் கறி என்றால் மஞ்சள்தூள் போட்டு மூன்று தண்ணீர் கழுவியாக வேண்டும். 1961-இல் பிரெஞ்சுச் சமையலை அமெரிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் புத்தகம் போட்ட ஜூலியா சைல்டு அம்மையாரோ, கறியில் ஈரமே இருக்கக் கூடாது, ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடு, ஈரக்கறி சிவக்காது என்கிறார். காரணமும் நியாயமானது. தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேல்பரப்பு நூறு டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணக்க அதற்கு மேலும் நாற்பது டிகிரியாவது வேண்டும். இந்தச் சிவப்பின் வேதியியலை 1912-இல் எழுதிவைத்தவர் மாயார் என்கிற பிரெஞ்சுக்காரர். தோசை முறுகுவதும் இதே கணக்குத்தான்.

ஆகவே இரண்டு கட்சிக்கும் பொதுவாக, மூன்று தண்ணீர் கழுவிவிட்டு ஒற்றி எடுத்தேன். கைக்கு அகப்பட்ட துண்டால் ஒற்றினேன். அது போன கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தியம்மா எடுத்துக்கொடுத்த வெள்ளை டர்க்கி டவல் என்பது, அது மஞ்சளும் சிவப்புமாக மாறி, அவர் வந்து உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் எதிரே கொடியில் தொங்கியபோதுதான் தெரிந்தது.

வாணலி புகைந்தது. நான்கு நான்காகப் போட வேண்டும் என்று படித்திருந்தேன். ஆனால் ஒன்றரை கிலோவை நான்கு நான்காகப் போட்டால் ஈஸ்டருக்குத்தான் முடியும் என்று தோன்றியதால் பாதியை ஒரேயடியாகக் கொட்டினேன். இரண்டு நிமிஷம் அருமையான சீறல். பிறகு சத்தம் அடங்கியது. எட்டிப்பார்த்தால் வாணலி நிறையச் சாம்பல் நிறத் தண்ணீர். அதில் கறி குளித்துக்கொண்டிருந்தது. ஒற்றி எடுத்ததை விட நான்கு மடங்கு ஈரம் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

இரண்டாம் பாதியை ஒழுங்காகப் போட்டேன். இதற்கிடையில் மனைவிக்கு விளக்கமும் கொடுத்தேன். கறியை வறுத்தால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி சொன்னார், அது தவறு, சாறெல்லாம் வெளியேதான் போகும், வறுப்பது ருசிக்காக மட்டுமே...

“பூட்டு கெடக்கட்டும். அடுப்பப் பாருங்க, கருகுது.”

ஆக, பாதிக் கறி அவிந்தது, பாதிக் கறி கரிந்தது. சராசரி சரியாக இருந்தது. கணக்குப் பிரிவில் இதை வைத்து ஒரு வருஷ அறிக்கையையே ஓட்டியிருக்கிறேன்.

அடுத்தது தைம் என்கிற இலை. எங்கள் தெருக் கடையில் கேட்டதற்கு, “டைம் ஒம்பதே முக்கால் சார்” என்றார்கள். நான் அசரவில்லை. தைம் இலையின் மணத்துக்குக் காரணம் தைமால் என்ற பொருள். அதே தைமால் நம் ஓமத்தில் ஏராளமாக இருக்கிறது. வேதியியல்படி பங்காளிகள். புத்தகம் அரை ஸ்பூன் தைம் என்றது. நான் குழிக்கரண்டியால் ஓமம் அள்ளிப் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் வீடு முழுக்க மணம் பரவியது. கூடத்திலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது: “ஏன் மக்களே, பிள்ளைக்கு வயித்துக்குச் சொகமில்லையா? ஓமத்தண்ணி வாசம் வருது.” மகள் பேரனைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள்.

பத்தரை மணிக்கு வாசலில் மேல்வீட்டு மாமி. வெங்காயம் பூண்டைத் தவிர வேறு பாவம் அறியாத குடும்பம். அவர்கள் வீட்டுக் கொலுவுக்கு நாங்கள் போவோம். கிறிஸ்துமஸ் கேக் முட்டையில்லாமல் அவர்களுக்குத் தனியாக ஒன்று செய்வோம். இருபது வருஷமாக எங்கள் அடுக்களையில் என்ன வேகிறது என்று அவர் கேட்டதில்லை, நாங்கள் சொன்னதில்லை. அன்றைக்குக் கேட்டுவிட்டார்.

“என்ன சார், கிராம்பும் பட்டையுமா மாடி வரைக்கும் வாசனை தூக்கறதே. நீங்களா சமைக்கறேள்? என்ன அது?”

“கேரட் மாமி.”

பொய்யில்லை. கேரட்டும் இருந்தது.

“கேரட்டா?”

“உருளைக்கிழங்கும். எல்லாம் இங்கிலீஷ் காய். இதுக்குப் பெரிய சரித்திரமே இருக்கு மாமி. கோயம்புத்தூர்ல சல்லிவன்னு ஒரு கலெக்டர். 1819-இல நீலகிரி ஏறினாரு. ஊட்டிய ஊராக்கினவரே அவர்தான். இந்த இங்கிலீஷ் காயெல்லாம் மலைல போட்டுப் பாத்தவரும் அவர்தான். அவர் இல்லேன்னா இன்னைக்கு நமக்கு ஊட்டி கேரட் ஏது?”

மாட்டிக்கொண்டவன் சரித்திரம் பேசுவான் என்பது ஊரறிந்த விஷயம். மாமி பொறுமையாகக் கேட்டார். “எவ்வளவு நாழி வேகணும்?”

“மூணு மணி நேரம்.”

“கேரட்டுக்கு?”

“சின்னத் தீ மாமி.”

“ஓஹோ” என்று சொல்லி மேலே போனார். அந்த ஓஹோவை நான் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு காத்திருப்பு. அடிகனமான சட்டி, வாய்க்கு ஒட்டிய மூடி, எப்போதாவது ஒரு குமிழி வரும் அளவுக்குத் தீ. நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை. அங்கேதான் எனக்குச் சிக்கல். ஆபீஸில் ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்தபிறகும் நாடாவை அவிழ்த்து இன்னொரு தடவை பார்க்கிற ஆள் நான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தேன். குத்திப் பார்த்தேன். உப்புப் பார்த்தேன். பார்த்த உப்பு குறைவு என்று போட்டேன். அடுத்த பத்தாவது நிமிஷம் அதிகம் என்று தண்ணீர் ஊற்றினேன். மனைவி தண்ணீர் குடிக்க வந்தவள், “நீங்க கறியப் பாக்குறீங்களா, கறி உங்களப் பாக்குதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பன்னிரண்டரைக்கு, கறி வெந்திருக்கும் என்ற நம்பிக்கையில் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் போட்டேன். ஒரு மணிக்கு ஒரு துண்டுக் கறியை எடுத்து ஆணித்தரமாகக் கடித்தேன். கறி ஒன்றும் ஆகவில்லை. கட்டிவைத்த பல் ஒன்று லேசாக அசைந்தது.

அடுக்களையில் மாநாடு கூடியது. “அண்ணே, ஒரு துண்டு சிரட்டையப் போடுங்க, வெந்துரும். எங்க ஊர்ல அப்படித்தான்” என்றார் சம்பந்தியம்மா. “நேத்தே பப்பாளிக்காயத் தடவி வெச்சிருக்கணும், சொன்னாக் கேட்டாத்தானே” என்றாள் மனைவி. பப்பாளிக்காயின் பால் கறியின் புரதத்தை அறுத்துவிடும், ஆனால் கொதிக்கும் சட்டியில் போட்டால் அதன் சக்தி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். எதெல்லாம் இனிமேல் பலிக்காது என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மருமகன் கால்நடை மருத்துவர். அதுவரை மரியாதைக்குப் பேசாமல் நின்றவர், மெதுவாகக் கேட்டார்: “மாமா, அந்த மூணு மணி நேரக் கணக்கு எந்த ஊர் மாட்டுக்கு?”

“பிரான்ஸ், அமெரிக்கா...”

“அமெரிக்காவுல கறிக்குன்னே வளக்கிற மாடு. பெரும்பாலும் ரெண்டு வயசு சுமாருக்கே வெட்டிடுவாங்க. நம்ம ஊர்ல 1958-இல ஒரு சட்டம் இருக்கு மாமா. மாட்டை வெட்டணும்னா பொதுவா பத்து வயசு தாண்டியிருக்கணும். உழைக்கவும் முடியாது, இனவிருத்திக்கும் ஆகாதுன்னு சர்ட்டிபிகேட் வேணும். வயசு ஏற ஏற அந்தக் கொலாஜன் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இறுகிப்போகும். சீக்கிரம் கரையாது.”

“அதாவது... ரிட்டையர் ஆன மாடு?”

“ஆமா மாமா. முழு சர்வீஸ்.”

அடுக்களையில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. சட்டியில் ஒரு குமிழி வெடித்தது. “உழைக்கவும் முடியாது, இறுகியும் போயிடும், சொன்னாலும் எளகாது” என்று என் மனைவி, பாடம் ஒப்பிப்பவள் மாதிரி, தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் சட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை.

மேலே ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து ஐந்து லிட்டர் குக்கரை இறக்கினாள். காஸ்கெட்டைத் தண்ணீரில் நனைத்து மாட்டினாள். சட்டியில் இருந்ததை அப்படியே கவிழ்த்தாள். என் சபதம் என் கண்முன்னே குக்கருக்குள் போனது. மானத்தைக் காப்பாற்ற, குக்கரின் சரித்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் இதைக் கண்டுபிடித்ததே எலும்பைக் குழைய வைப்பதற்காகத்தான். லண்டன் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு இதில் சமைத்து விருந்தே வைத்திருக்கிறார். உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் 120 டிகிரி வரை சூடாகும். ஆகவே இதுவும் பிரெஞ்சு முறைதான், நான் கொள்கை மாறவில்லை...

முதல் விசில் வந்தது. அதற்கு மேல் நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

நான்காவது விசிலில் பேரன் எண்ணத் தொடங்கினான். அவனுக்கு ஐந்து வரைதான் தெரியும் என்பதால் இரண்டு சுற்று எண்ண வேண்டியிருந்தது. எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேர் மேலே மாமி வீட்டு அடுக்களை ஜன்னல். சத்தமில்லாமல் விசில் வர வழியுண்டா என்று கேட்டேன். மனைவி பதில் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். கறி வெந்திருந்தது. உருளைக்கிழங்கைக் காணவில்லை. அரை கிலோ போட்டதற்கு நானே சாட்சி. ஆனால் தடயமே இல்லாமல் குழம்போடு கலந்து தலைமறைவாகிவிட்டது. கேரட் மட்டும் நிறத்தால் அடையாளம் தெரிந்தது. மருமகன் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார், ரொட்டியை. மகள் எழுந்துபோய் எலுமிச்சங்காய் ஊறுகாய் எடுத்துவந்தாள். “நல்லாத்தான் இருக்கு அண்ணே” என்றார் சம்பந்தியம்மா, “இதுல தேங்காப்பால ஊத்தி, ரெண்டு பச்சமொளகா கீறிப் போட்டு, இந்த ஓமத்த மட்டும் எடுத்துட்டா எங்க ஊரு இஷ்டு ஆயிரும்.”

நான் ஒரு துண்டை ஸ்பூனால் தொட்டேன். பிரிந்தது. பாய் தரத் தயங்கிய அந்தச் சவ்வு, கண்ணாடி மாதிரி தெளிந்து, ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. வாயில் போட்டதும் உதடு ஒட்டியது. ஓமத்துக்கும் ஒயினுக்கும் அடியில், எங்கோ, ஈர யூனிபாரமும் மழையும் அந்த ஆன்ட்டி வீட்டு மர நாற்காலியும் இருந்தன. இதை வெளியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒயினை எவ்வளவு ஊற்றினேன் என்ற விசாரணை மறுபடி தொடங்கியிருக்கும்.

மறுநாள் காலை மிச்சத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தேன். பாத்திரத்தை அசைத்தால் மொத்தமும் ஒரே கட்டியாக அல்வாபோல ஆடியது. “பாத்தியா! கொலாஜன்! ஜெலட்டின்!” என்று அதைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினேன். “ஆடுது, சரி. தள்ளுங்க” என்று மனைவி வாங்கி அடுப்பில் வைத்தாள். நான் பேப்பர் படித்து முடிப்பதற்குள் தேங்காய்ப்பால், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் அதில் போயிருந்தன. ஸ்டூ ஒரு ராத்திரி ஊறினால் ருசி கூடும் என்பது உண்மைதான். ஆப்பத்தோடு நான்கு நிமிஷத்தில் சட்டி காலி. அன்றைக்கு அது அவள் செய்ததாகவே எல்லோராலும் பேசப்பட்டது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பால் பாக்கெட் எடுக்கப் படியிறங்கியபோது மாமி எதிரே வந்தார். கையில் பூக்கூடை.

“சார், கேரட் வெந்துடுத்தா?”

“வெந்துடுச்சு மாமி.”

“பத்து விசில் எண்ணினேன்” என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு படி ஏறியவர் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். “அடுத்த தடவை முந்தின நாளே கொஞ்சம் பப்பாளிக்காய் தடவி வெச்சுடுங்கோ. எந்தக் கேரட்டா இருந்தாலும் வெந்துடும்.”